வேண்டாம், போதும்பொண்ணு: ஒரு பெயரிடலின் இலக்கணமும் அரசியலும்

தமிழ்ப் பெண்களுக்கு இடப்படும் பெயர்களில் இரண்டு என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்று 'வேண்டாம்'. மற்றொன்று 'போதும்பொண்ணு', சில இடங்களில் 'போதுமணி' என்றும் வரும். முதலாவது வடக்கே திருத்தணிப் பக்கம் கேட்பது. இரண்டாவது தெற்கே மதுரை, தேனி வட்டாரங்களில். இரண்டும் இன்று அரிதாகிவிட்ட பெயர்கள். 2019இல் திருத்தணிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பல பெண்களுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் இருப்பது செய்தித்தாள்களில் வந்தபோது நகரத்துப் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். இந்தக் காலத்திலுமா என்றார்கள். அந்த 'இந்தக் காலத்தை'ப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நம் தமிழ்த்துறைகளில் பெயராய்வு நிறையவே நடந்திருக்கிறது. ஊர்ப்பெயர், மக்கட்பெயர் என்று தொகுத்து, விகுதி பிரித்து, சாமிப் பெயர் இத்தனை, மூதாதையர் பெயர் இத்தனை என்று அட்டவணை போடுவார்கள். அந்த அட்டவணையில் 'பிற' என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். இந்தப் பெயர்கள் அங்கே போய் விழும். பொருள்தான் வெளிப்படையாகத் தெரிகிறதே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். பொருள் பட்டவர்த்தனமாக இருக்கிற இடத்தில்தான் கருத்தியல் வசதியாகக் குந்திக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கை. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல்கள் எத்தனையோ வந்துவிட்டன. வடமொழி எழுத்து ஒன்றுகூடக் கலக்காத, எந்த அகராதியும் தேவைப்படாத, பச்சைத் தமிழ்ப் பெயர் 'வேண்டாம்'. அதை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று யாரையும் கேட்கவும் முடியாது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். பெயர் என்பது பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும். இங்கே இருப்பதோ வினைமுற்று. அதுவும் சாதாரண வினைமுற்று அல்ல. 'வந்தான்', 'வந்தாள்' என்றால் விகுதியிலேயே ஆள் இருக்கிறார். 'வேண்டும்', 'வேண்டாம்', 'போதும்' ஆகியவை இன்றைய தமிழில் திணை, பால், எண், இடம் எதையும் காட்டாமல் தனியாக நிற்பவை. ஆள் யார் என்பதை அவை தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. வெளியே, நான்காம் வேற்றுமையில் வைத்திருக்கின்றன. எனக்கு வேண்டாம். அவருக்குப் போதும். உங்களுக்கு வேண்டுமா? அந்த 'கு' இல்லாமல் இந்த வினைகளுக்குக் கால் கிடையாது. பேச்சில் அதைச் சொல்லாமல் விட்டாலும், பேசுகிறவர் எதிரிலேயே நிற்பதால் யாருக்கு வேண்டாம் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும்.

பெயராகும்போது அந்தப் பேச்சாளர் மறைந்துவிடுகிறார். 'வேண்டாம்' என்று ஒரு பெண் நிற்கிறாள். யாருக்கு வேண்டாம் என்பது போய்விட்டது. யாரோ ஒருவருடைய விருப்பமின்மை அவளுடைய குணமாக, அவளுடைய அடையாளமாக மாறிவிடுகிறது. ஒரு சமூக உறவைப் பிடுங்கி ஒரு பொருளின் இயல்பாக்குவது என்று மார்க்ஸ் சரக்கைப் பற்றிச் சொன்னாரே, அதேதான் இங்கே ஒரு சொல்லுக்குள் நடக்கிறது. ஆகவே, இந்தப் பெயர்களைப் பற்றி விமர்சகன் செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: விழுந்துபோன அந்தக் 'கு'வைத் தேடி எடுப்பது. யாருக்கு வேண்டாம்? யாருக்குப் போதும்?

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர்களைப் பேசும்போது, "நம்மாளுங்க குப்பன், குப்பம்மா, பிச்சை, மூக்காயின்னுகூடத்தான் பேரு வைக்கிறாங்க, அது மாதிரிதான் இதுவும்" என்று ஒரு சமாதானம் உடனே வரும். அது மாதிரி இல்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், பிழைத்துக் கிடக்கிற குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பை என்று பேர் வைப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். எமனுக்கோ கண்ணேறுக்கோ இது மதிப்பில்லாத பண்டம் என்று காட்டிவிட்டால் எடுத்துப்போகாமல் விட்டுவிடும் என்று நம்பிக்கை. அந்த இழிவு ஒரு மாறுவேஷம். உள்ளே இருப்பது, இந்தப் பிள்ளை எப்படியாவது தங்க வேண்டும் என்ற தவிப்பு. 'குப்பை' என்று சொல்வதன் பொருள் 'எனக்கு வேண்டும்' என்பதே.

'வேண்டாம்' அப்படி எதையும் மறைக்கவில்லை. அது சொல்வதைத்தான் சொல்கிறது. ஒலியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இந்த இரண்டு பெயரிடல்களும் நேர் எதிர்த் திசையில் போகிறவை. முதலாவது குழந்தையைத் தக்கவைக்க. இரண்டாவது அடுத்து வர வேண்டியவனுக்கு வழிவிட.

மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு. அதை இந்த இரண்டோடும் சேர்த்துவிடக் கூடாது. தலித்துகளும் பிற உழைக்கும் சாதிகளும் நல்ல பெயர் வைத்துக்கொண்டால் ஊரார் பொறுக்காத காலம் இருந்தது. வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டுப் பண்ணையும் கணக்குப்பிள்ளையும் தங்கள் வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டார்கள், எழுதினார்கள். மண்ணாங்கட்டி என்ற பெயர் ஒரு வீட்டில் எமனை ஏமாற்ற வைத்ததாக இருக்கலாம்; இன்னொரு வீட்டில் ஆண்டை வைத்ததாக இருக்கலாம். எழுத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. யார் வாயிலிருந்து வந்தது, யாரை நோக்கிப் போனது என்று பார்த்தால்தான் தெரியும். பெயரின் பொருள் அகராதியில் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடலைச் சட்டமாக்குகிறது. பிராமணன் பெயர் மங்களத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும். சூத்திரன் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும். பெண்களுக்குத் தனி விதி: சொல்ல எளிதாக, கடுமையில்லாமல், மனத்துக்கு இனிதாக, மங்களமாக, நெடில் ஒலியில் முடிந்து, வாழ்த்துப்போல ஒலிக்க வேண்டும். 'வேண்டாம்' இந்தப் பெண் விதியை மீறுகிறது, சூத்திர விதியை நிறைவேற்றுகிறது. எந்த விதி எதை வெட்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. உழைக்கும் சாதிப் பெண் முதலில் சூத்திரச்சி, அப்புறம்தான் பெண்.

இதை வைத்துக்கொண்டு, பாருங்கள், பிற்பட்ட சாதிக் கிராமத்தான்கள் இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல்சாதி வீடுகளிலும் கடைசிப் பெண் குழந்தைக்கு 'மங்களம்' என்றும் 'சம்பூர்ணம்' என்றும் பெயர் வைக்கிற வழக்கம் இருந்தது. (எல்லா மங்களங்களும் அப்படி வந்தவர்கள் அல்ல, சாமி பெயராகவும், வெறும் நல்ல சொல்லாகவும் அது வைக்கப்பட்டது.) கச்சேரியின் கடைசியில் மங்களம் பாடுவார்கள். பாராயணம் முடிந்தால் சம்பூர்ணம் என்று எழுதுவார்கள். முடிந்தது, நிறைந்தது, இதோடு சரி. 'போதும்பொண்ணு' என்பதும் அதேதான்! ஒன்று கச்சேரி மேடையிலிருந்து வந்த போதும், மற்றது களத்துமேட்டிலிருந்து வந்த போதும். வடமொழியில் சொன்னால் அது மங்கலச்சொல். மனுவின் பெண் விதிக்கு ஒரு பங்கமும் இல்லை. தமிழில் சொன்னால் காட்டுமிராண்டித்தனம். சம்பூர்ணம் என்ற அம்மாளை நிறைவானவளே என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். நிறுத்தற்குறி என்று கேட்க வேண்டியதில்லை. வடமொழி அவளுக்கு ஒரு திரை கொடுக்கிறது. வேண்டாத குழந்தைக்குக்கூட அலங்காரமாகப் பெயர் வைக்கிற வசதியும் ஒரு வர்க்க வசதிதான்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பெயர்களுக்குப் பொருள் கிடையாது, ஆளைச் சுட்டுவது மட்டும்தான் அவற்றின் வேலை என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இலேயே எழுதிவிட்டார். "பேருதானே, விடுங்க" என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வதும் இதுவே. புழங்கப் புழங்கப் பொருள் தேய்ந்துவிடும் என்பது உண்மைதான். செந்தில் என்று கூப்பிடும்போது யாரும் கடற்கரையைப் பார்ப்பதில்லை. ஆனால் 'வேண்டாம்' தேய முடியாத பெயர். ஏனென்றால் அந்தச் சொல் பேச்சில் நாளைக்கு நூறு தரம் உயிரோடு வந்துபோகிறது. இன்னொரு கரண்டி சோறு போடட்டுமா? வேண்டாம். மிச்சம் சில்லறை? வேண்டாம், வச்சுக்கோ. ஒவ்வொரு தடவையும் அவள் பெயர் கூப்பிடப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அது அவளைக் கூப்பிட்டது அல்ல.

யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். முதல் விடை சாமிக்கு. வங்காளத்தில் 'ஆன்னாகாளி' என்று ஒரு பெண் பெயர் உண்டு. 'ஆர் நா, காளி' என்பதன் மருவு அது. இனி வேண்டாம் காளி என்று பொருள். அங்கே விளி பெயருக்குள்ளேயே இருப்பதால் விஷயம் உடைந்து தெரிகிறது. பேச்சு காளியோடு நடக்கிறது. குழந்தை அந்தப் பேச்சில் முன்னிலை அல்ல, படர்க்கைகூட அல்ல. அவள் ஒரு தபால். ஆத்தா படிப்பதற்காக அவள் மேல் எழுதி வாசலில் விட்டிருக்கிறார்கள். தமிழில் விளி உதிர்ந்து வினை மட்டும் நிற்கிறது, ஆனால் அமைப்பு ஒன்றேதான். 'வேண்டு' என்ற அதே வேரிலிருந்து 'வேண்டுதல்' வருவதைக் கவனியுங்கள். 'வேண்டாம்' என்ற பெயர் ஒரு வேண்டுதல். மொட்டை போடுவது, கிடா வெட்டுவது போல, பெயர் வைப்பது. இந்தப் பெயரை வைத்தால் அடுத்தது ஆண் பிள்ளை. இந்த நம்பிக்கை ஏன் தலைமுறைகளாக நிற்கிறது என்பதில் மர்மம் இல்லை: ஏறக்குறைய பாதிக்குப் பாதி பலிக்கிற வேண்டுதல் இது. பலித்ததை ஊர் சொல்லும். பலிக்காத வீட்டில் அடுத்தவளுக்கும் ஒரு பெயர் வைக்கப்படும்.

இரண்டாவது விடை இன்னும் கசப்பானது. 'போதும்' என்பது பெற்றவளின் காதில் விழுவதற்காகவும் சொல்லப்படுகிறது. பெயர் வைக்கிறபோது அவளிடம் யாரும் கேட்பதில்லை. மாமியாரோ மாமனாரோ நாத்தனாரோ வைக்கிறார்கள். பொட்டையாப் பெத்துப் போட்டவள் என்ற ஏச்சு, ஏசுகிறவர் களைத்துப்போன பிறகும் தானாக ஒலித்துக்கொண்டிருக்க ஒரு ஏற்பாடு அது. அந்த ஏச்சை ஒவ்வொரு நாளும் அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். "போதும், இங்க வாடி" என்று தன் மகளைக் கூப்பிடும்போது அவள் தன்னைத்தான் வைதுகொள்கிறாள். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனுடைய விந்தணு என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. போட்டு என்ன? மூன்று பெண் பிறந்ததற்காக எந்த ஆணுக்கும் ஊரில் பட்டப்பெயர் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

லக்கான் 'தந்தையின் பெயர்' என்று ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். பிரெஞ்சில் 'பெயர்' என்பதற்கும் 'கூடாது' என்பதற்கும் உள்ள சொற்கள் காதில் ஒன்றுபோலவே விழும். தந்தையின் பெயர், தந்தையின் தடை இரண்டும் ஒன்று. அந்தத் தடை வழியாகத்தான் குழந்தை மொழிக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் நுழைகிறது என்று அந்தச் சிலேடையை வைத்து அவர் நகர்கிறார். பாரீஸில் அது சிலேடையாகத்தான் சொல்ல முடிந்தது. இங்கே சிலேடைக்கு அவசியமே இல்லை. தடையையே பெயராக எழுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறோம். கோட்பாடு நமக்கு அந்நியம் என்று சலித்துக்கொள்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய கேடும் இல்லை. மராட்டியத்தில் 'நகுசா', 'நகோஷி' என்றால் வேண்டாதவள். அரியானாவில் 'பதேரி' என்றால் போதும் போதும் என்கிற அளவு. துருக்கியில் 'எத்தெர்' என்பது நாடறிந்த பெண் பெயர். போதும் என்பதுதான் அதன் பொருள். சீனத்தில் 'ஜாவ்தீ' என்று வைக்கிறார்கள்: தம்பியைக் கூப்பிடு. அவளுடைய பெயர் அவளைக் குறிக்கவே இல்லை, அவளுக்குப் பின்னால் வரப்போகிற ஒருவனைக் குறிக்கிறது. மதம் வேறு, மொழிக்குடும்பம் வேறு, சோறும் ரொட்டியும் வேறு. வம்சமும் நிலமும் ஆண்வழி போகிற இடமெல்லாம் இந்தப் பெயர் தானாக முளைக்கிறது.

ஆக மூன்றாவது விடை, சொத்துக்கு. வம்சத்துக்கு என்று சொன்னால் ரத்த சம்பந்தமாகத் தோன்றும். பட்டாவுக்கு என்று சொல்லுவதே சரி. பெண் நிலத்தை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகிறவள், அல்லது நிலத்தை விற்று நகையாக்கிக் கொண்டுபோகிறவள். இரண்டாவது பெண் வரைக்கும் கணக்குத் தாங்கும், மூன்றாவதில் 'போதும்'. பெயரில் கேட்பது கணக்குப்பிள்ளையின் குரல்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு இரண்டு காரியங்களைத் தீர்மானமாகப் போட்டது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்றது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்றது. பெயரும் சொத்தும் ஒரே மாநாட்டில், ஒரே மூச்சில். முதல் தீர்மானம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஜெயித்தது. இன்றைக்கும் வடநாட்டார் பார்த்து ஆச்சரியப்படுகிற விஷயம் அது. இரண்டாவது சட்டமாவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989இல்தான். அதிலும், அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. மத்தியச் சட்டம் திருந்த 2005 ஆயிற்று. முதலாவது லேசாக ஜெயித்ததற்கும் இரண்டாவது இழுபட்டதற்கும் காரணம் எளிது. வாலை வெட்டினால் ஆணுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆணின் பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதியை நாம் பார்த்தோம். பெண்ணின் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த பாகப்பிரிவினையைப் பார்க்கத் தவறிவிட்டோம். முற்போக்கு மேடைகளில் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டி மகிழ்ந்த தலைவர்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த போதும்பொண்ணுகளிடம் எழுந்து வாருங்கள் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த 'இந்தக் காலத்திலுமா' என்ற கேள்வி. பெயர் அரிதாகிவிட்டது என்றேன். அதை முன்னேற்றத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு ஆசை. எனக்குச் சந்தேகம்.

'போதும்' என்று சொல்ல மூன்றாவதோ நான்காவதோ பெண் பிறக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் சுவரெல்லாம் ஏறிய பிறகு, நமக்கு இருவர் என்பதே நமக்கு ஒருவர் என்றான பிறகு, மூன்றாவதே இல்லை. 1990களின் முதற்பாதியிலேயே தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் பெற்றோரின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்புகிற அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது, மாமியார் சொன்ன 'போதும்' என்ற சொல்லை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. எங்கே எழுதியது? குழந்தையின் பெயரில் அல்ல, தாயின் அடிவயிற்றில். கருத்தடை செய்துகொண்டவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இன்னொரு கணக்கு, இதைவிட மோசமானது. 0-6 வயதில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. 1986இல் உசிலம்பட்டிக் கொலைகள் இந்தியா டுடேயில் வந்து, ஒரு சாதிக்கே கொலைகாரச் சாதி என்று முத்திரை குத்தி, 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 1994இல் 'கருத்தம்மா' படமாகி, அதே ஆண்டு கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் வந்து, எல்லாம் ஆன பிறகு உள்ள எண்கள் இவை. கள்ளிப்பால் கதைகளைச் சொல்லிச் சொல்லி ஒரு வட்டாரத்தை நாம் காட்சிப்பொருளாக்கினோம். அதே நேரத்தில் நகரத்து ஸ்கேன் சென்டரின் குளிரூட்டிய அறையில் ஒரு வார்த்தை பேசாமல், சிரிப்பிலோ கையசைவிலோ, அதே 'வேண்டாம்' சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வேண்டாமுக்குச் சத்தம் இல்லை, ரத்தம் படிந்த ஆள் இல்லை, முக்கியமாகப் பெயர் இல்லை. படித்தவர்கள் தங்கள் மகளுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைக்காததற்கு ஒரு காரணம், வைப்பதற்கு மகள் பிறக்காததும்தான்.

ஆகவே திருத்தணிப் பக்கத்தில் அந்தப் பெயரோடு நடமாடுகிற பெண்ணைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் பிழைத்தவள். வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அவளுக்குச் சோறு போட்டார்கள், பால் கொடுத்தார்கள், பல வீடுகளில் படிக்கவும் வைத்தார்கள். சொல்லும் செயலும் முரண்படுகிற அந்த இடத்தில்தான் அவள் வளர்ந்தாள். முரண்படாத இடத்தில் யாரும் வளரவில்லை. இதைச் சொல்வதால் பெயர் வைத்தவர்களுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். (இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்தவே எனக்குக் கை கூசுகிறது. அதுவும் ஒரு விளைவுதான்.)

2011 அக்டோபரில் மராட்டியத்தின் சாத்தாராவில் நகுசா என்ற பெயர் கொண்ட 285 பெண்களுக்கு விழா எடுத்து, சான்றிதழ் கொடுத்து, புதுப் பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம். பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் வாயிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற விடுதலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த விழாவிலும் 'கு' காணாமல்தான் போயிருக்கிறது. பெயர் மாற்றப்பட வேண்டியவள் அவளாகிவிட்டாள். வேண்டாம் என்றவர் கூட்டத்தில் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பெயரை எடுத்துவிட்டால் சாட்சியமும் போய்விடுகிறது. மாற்றிக்கொள்வதா வைத்துக்கொள்வதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அரசிதழில் பெயர் மாற்றுவதற்கு வழி இருக்கிறது. பணமும் அலைச்சலும் உண்டு. அந்தச் செலவைப் பெயர் வைத்தவர்களிடம் வாங்க மட்டும் வழி கிடையாது.

வைத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்தப் பெயரை என்னவெல்லாமோ செய்கிறார்கள். முன்பகுதியை உதிர்த்துவிட்டுப் 'பொண்ணு' என்று மட்டும் வழங்குவார்கள். 'மணி' ஆக்கிக்கொள்வார்கள். இலக்கணமும் அவர்களுக்கு எதிர்பாராமல் ஒரு கை கொடுக்கிறது. 'செய்யும்' என்ற வாய்பாடு தமிழில் முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும் என்று தொல்காப்பியத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். 'பையன் வரும்' என்றால் முற்று. 'வரும் பையன்' என்றால் எச்சம். அப்படியானால் 'போதும் பொண்ணு' என்பதை, 'போதும், பொண்ணு!' என்று நிறுத்தியும் படிக்கலாம். நிறுத்தாமல், போதுமான பெண், இவள் ஒருத்தி போதும் என்கிற அளவுக்கான பெண் என்றும் படிக்கலாம். 'நீ ஒருத்தி போதும் எனக்கு' என்று நாம் கொஞ்சுவதும் இதே சொல்லால்தானே. வைத்தவர்கள் முற்றாக வைத்தார்கள், வாழ்கிறவள் எச்சமாக்கிக்கொள்ளலாம். நன்னூல் அவளுக்குச் சொத்தில் பங்கு வாங்கித் தராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 'வேண்டாம்' என்பதற்கு இந்தச் சலுகைகூட இல்லை; அது எந்தப் பெயருக்கும் அடையாகாது, தனிமரம்.

ஆனால் அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடக்கிறது. அதிகாரம் கூப்பிடுகிறது, நாம் திரும்பிப் பார்க்கிறோம், அந்தத் திரும்பலில் அதன் பிரஜையாகிவிடுகிறோம் என்று அல்தூஸ்ஸர் 1970இல் எழுதினார். தெருவில் போலீஸ்காரன் "ஏய், உன்னைத்தான்" என்பது அவர் காட்டிய காட்சி. அவருடைய காட்சியில் கூப்பிடுகிறவன் ஆளை வேண்டித்தான் கூப்பிடுகிறான். நம்முடைய வகுப்பறையில் காலையில் வருகைப்பதிவேடு திறக்கிறது. வாத்தியார் வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார். "வேண்டாம்" என்கிறார். "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வருகிறது. அவர் பேனாவால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். வருஷத்துக்கு இருநூறு நாள், பத்துப் பன்னிரண்டு வருஷம் அவள் இதைச் சொல்லியிருப்பாள். விளிப்பு அவளை மறுக்கிறது. அவள் அந்த மறுப்புக்கே பதில் சொல்லித் தன் இருப்பைப் பதிவு செய்கிறாள். அல்தூஸ்ஸரின் கோட்பாட்டில் இதற்கு இடம் இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டியிருக்கும்.

எழுதுவதற்குத் தரவு வேண்டும். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பொதுவிலேயே கிடைக்கிறது. அந்தந்த வட்டாரத்தில் வேலை செய்கிற தோழர்கள் உட்கார்ந்து பார்த்தால் ஒரு வாரத்தில் இந்தப் பெயர்களை வயதுவாரியாக எடுத்துவிடலாம். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது, அது மறுபடியும் அந்தப் 'பிற' கட்டத்துக்குத்தான் போகும். அவர்களுக்கு இஷ்டமிருந்தால் பேசுங்கள். எத்தனையாவது பெண், பெயரை வைத்தது யார், அம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவார், அடுத்தது தம்பியா தங்கச்சியா என்று கேளுங்கள். அப்படியே வீட்டு மனையும் நிலமும் யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.